நட்சத்திரேசன் விரித்த துண்டு: மேல்மலை மேடையில் ஒரு மயான காண்டம்

அரிச்சந்திரன் கதை என்றதும் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பது கண்ணீர்தான். காந்தி சிறுவயதில் ஊருக்கு வந்த ஒரு நாடகக் குழு ஆடிய அரிச்சந்திரனைப் பார்த்துவிட்டு, எல்லோரும் ஏன் இவனைப் போல உண்மையாக இருக்கக் கூடாது என்று தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்ததையும், நினைத்து நினைத்து அழுததையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் நினைவில் சிரிப்புக்கு இடமே இல்லை. தமிழ் மேடையில் இதே நாடகத்தை விடியவிடியப் பார்த்தவர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு: கடன் வசூலிக்க வந்த நட்சத்திரேசன். அவனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த அதே கூட்டம்தான் நாலு மணி நேரம் கழித்து அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன் பிணத்தைப் பார்த்து முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறது.

இந்த இரண்டும் ஒரே நாடகத்துக்குள் எப்படி நிற்கின்றன, எதைக் குறைத்தால் எது கெடுகிறது என்பதைப் பழனி மலைத்தொடரில் நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கொடைக்கானலுக்கு அப்பால், மன்னவனூர் போகும் பாதையை ஒட்டிய ஒரு மேல்மலைக் கிராமம். மாசித் திருவிழாவில், அடுத்தடுத்த ஆண்டுகளில், இதே நாடகத்தை ஏறக்குறைய இதே நடிகர்கள் ஆடினார்கள். முதல் ஆண்டு விடியும்வரை ஆட்டம். மறு ஆண்டு ஐந்தே மணி நேரம். சிரிப்பும் அழுகையும் இரண்டு இரவுகளிலும் எங்கெங்கே வந்தன, ஏன் வந்தன என்பதே இந்த ஆய்வு.

ஆட்டத்தின் அமைப்பு

இது ஸ்பெஷல் நாடகம். பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜாவாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், கோமாளியான பபூனும் அவரோடு ஆடும் டான்ஸ் நடிகையும் வேறு ஊர்கள். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்திலிருந்து தனித்தனியாகத் தேதி கொடுத்து வந்து, அன்றைக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். வசனத்தில் பாதி அங்கேயே பிறப்பது. ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், தாளமும் ஓசைகளும் பார்த்துக்கொள்ளும் ஆல்ரவுண்டுக்காரர் மூவரும் மேடையோரம் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் இழுத்துப் பிடிப்பார்கள். முதலில் பபூன் வருவார், பிறகு டான்ஸ் வருவார், இருவரும் சேர்ந்து காமிக் செய்வார்கள். அதற்கும் கதைக்கும் தொடர்பு கிடையாது. அது முடிந்தபின்தான் ராஜா வருவார்.

அரிச்சந்திரனில் மட்டும் பபூனுக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. அவரே பிறகு நட்சத்திரேசனாக வர வேண்டும். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கதையின் முடிச்சு இது. பொய் சொல்லாத அரசனைச் சோதிக்க, விசுவாமித்திரர் அவனிடமிருந்து நாட்டையும் வாங்கிக்கொண்டு, தருவதாகச் சொன்ன பொருளையும் கேட்கிறார். தவணை சொல்லி நாட்டைவிட்டு இறங்குகிறான். கடனை வசூலித்து வரக் கூடவே அனுப்பப்படுகிற ஆள் நட்சத்திரேசன். வழியெல்லாம் அவன் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. காசியில் மனைவி சந்திரமதியையும் மகனையும் காலகண்டர் என்ற பிராமணருக்கு விற்று முனிவரின் கடனை அடைக்கிறான் அரிச்சந்திரன். அத்தோடு முடிந்ததென்று நினைக்கும்போது, நட்சத்திரேசன் தன் தரகைக் கேட்கிறான். அந்தத் தரகுக்காகத்தான் அரிச்சந்திரன் தன்னையே சுடுகாட்டுத் தலைவன் வீரவாகுவிடம் விற்று மயானம் காக்கப் போகிறான்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாடகத்தின் மிகப் பெரிய துயரக் காட்சி மயானத்தில் நடக்கிறது. அரிச்சந்திரனை மயானத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது முனிவரின் கடனுமில்லை, விதியுமில்லை. நகைச்சுவைப் பாத்திரம் கேட்ட கமிஷன்.

முதல் ஆண்டு

மந்தையில் பந்தல். இரவு பத்தரைக்கு பபூன் மேடையேறினார். கம்பளியும் குல்லாவுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. ஓரங்களில் விறகு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். பபூன் கெட்டிக்காரர். டான்ஸ் வந்தபின் இரண்டு பேரும் ஒரு மணியைத் தாண்டியும் மேடையை விடவில்லை. இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் பலர் அந்த இரட்டை அர்த்தப் பேச்சுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள்.

ராஜா வந்து, முனிவர் வந்து, நாடு பறிபோய், காசிக்கு நடக்கிற காட்சி வந்தபோது மணி மூன்று. நட்சத்திரேசனாக வந்த பபூனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கையிருப்புச் சிரிப்பையெல்லாம் முன்னிரவிலேயே செலவழித்துவிட்டார். கடன் வசூல் காட்சியைச் சில நிமிடங்களில் தள்ளிவிட்டார்கள். தரகு ஒரே வசனத்தில் போயிற்று.

அதற்குப் பின் அவரே வீரவாகுவாகவும் வந்தார். கள் குடித்துத் தள்ளாடும், நாக்குக் குழறும் வீரவாகு. முன்வரிசை சிரித்தது. பந்தலுக்கு வெளியே, தேர் நிற்கும் பக்கம், ஊரில் சாவுக்குப் பறையடிக்கிற, குழி வெட்டுகிற குடும்பங்கள் நின்றிருந்தன. அவர்களில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் காலியாகிவிட்டது.

மயானக் காட்சிக்கு வரும்போது விடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்திரீபார்ட் மிக நன்றாகப் பாடினார். விழித்திருந்தவர்கள் பாட்டைத்தான் ரசித்தார்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று மேடையில் அன்பளிப்பு அறிவித்தார்கள். அழுதவர்கள் இருந்தார்கள், ஆனால் அது பாட்டுக்கு வந்த கண்ணீர் என்றே எனக்குப் பட்டது.

மறு ஆண்டு ஏன் மாறியது

நாடகத்தை மாற்ற வேண்டுமென்று யாரும் திட்டமிடவில்லை. ஒலிபெருக்கி அனுமதிதான் மாற்றியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். முந்தைய ஆண்டு யாரும் கேட்கவில்லை. இந்த முறை 12 மணிக்கு மைக் அணைய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஏழு மணிக்குத் தொடங்கினாலும் ஐந்து மணி நேரம்தான்.

எதை வெட்டுவது என்று விழாக் கமிட்டி கூடிப் பேசியபோது என்னையும் உட்காரவைத்தார்கள். இளைஞர்கள் பபூன்-டான்ஸ் குறையக் கூடாது என்றார்கள். பெரியவர்கள் நேரெதிர். "சாமி முன்னால நடக்கிற நாடகம். காமெடியே வேணாம். ராஜா வரட்டும், மயானம் வரட்டும், மங்களம் பாடி முடிக்கட்டும்" என்றார் ஒருவர்.

இரு தரப்பும் சிரிப்பையும் அழுகையையும் தராசின் இரண்டு தட்டுகளாகவே பார்த்தார்கள். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு இந்த நாடகத்துக்குப் பொருந்தாது என்பதே என் எண்ணமாக இருந்தது. இங்கே இரண்டு வகைச் சிரிப்பு இருக்கிறது. முன்னிரவின் சிரிப்பு எந்த நாடகத்துக்கு முன்னாலும் வரலாம். வள்ளி திருமணத்துக்கும் பவளக்கொடிக்கும் அதே காமிக்தான். நட்சத்திரேசனின் சிரிப்பு அரிச்சந்திரனுக்கு மட்டுமே உரியது. முன்னதை அரை மணிக்குள் அடக்கிவிட்டு, பின்னதை முழுதாக ஆடவிடுங்கள் என்று கேட்டேன். வீரவாகு குடிகாரனாக வரக் கூடாது என்றும் கேட்டேன். கேலிக்குரியவனாக அவனைக் காட்டினால், அவனுக்கு அடிமையாகப் போனதுதான் அரசனுக்கு நேர்ந்த பெரிய துன்பம் என்று ஆகிவிடும். காசியில் அரிச்சந்திரனை விலை கொடுத்து வாங்க முன்வந்த ஒரே மனிதன் அவன். தன் கூலி என்ன, ஆளின் பங்கு என்ன என்று நேராகச் சொல்லி நடந்துகொள்ளும் எசமான்.

ராஜபார்ட் உடனே ஒப்புக்கொண்டார். பபூன் கொஞ்சம் யோசித்தார். "வாத்தியாரே, நட்சத்திரேசன்ல ஒரு மணி நேரம் ஜனத்தைப் பிடிச்சு உக்காரவைக்க முடியுமா? நான் முடியும்னுதான் சொல்றேன். ஆனா யாரும் என்னை விட்டதில்ல" என்றார்.

கடன் வசூல்

அந்த ஒரு மணி நேரம்தான் இந்த நிகழ்வின் உயிர்.

தோளில் துண்டு, கையில் கம்பு, அக்குளில் கணக்கு நோட்டு. நட்சத்திரேசன் வந்ததும் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டான். "மகாராசா நடங்க. நான் பின்னாலயே வாறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." பத்தடி நடந்ததும் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். லோகிதாசனுக்கு வைத்திருந்த சோற்றைக் கேட்டான். தூக்கிக்கொண்டு போகச் சொன்னான். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். ஒவ்வொரு முறை பணம் கேட்கும்போதும் துண்டைத் தரையில் விரித்து, கம்பால் இரண்டு தட்டுத் தட்டி, "வைய்யி, மொதல்ல இதுல வைய்யி" என்றான்.

கூட்டம் சிரித்த சிரிப்பு முந்தைய ஆண்டு விசிலோடு வந்த சிரிப்பு போல இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே மூச்சில் சிரித்தார்கள். காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. மேல்மலையில் விளைவது பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். விதைப்பூண்டுக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியவர்கள், விளைந்ததை அதே கமிஷன் மண்டியில் போட்டு, கமிஷனும் இறக்குகூலியும் போக மிச்சத்தை எண்ணி வாங்குகிறவர்கள். வடுகபட்டிச் சந்தையில் மூட்டையோடு காத்திருந்தவர்களுக்கு அக்குளில் நோட்டு வைத்தவனை அடையாளம் சொல்ல வேண்டுமா? "இவன நான் பாத்திருக்கேண்டா" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தியபோது பந்தல் அதிர்ந்தது.

காசியில் மனைவியையும் மகனையும் விற்ற பணத்தைத் துண்டில் வாங்கி எண்ணினான். முடிச்சுப் போட்டான். அரிச்சந்திரன் திரும்பி நடந்தான். நட்சத்திரேசன் மறுபடி துண்டை விரித்தான். "அது முனிவருக்கு. நடந்த காலு என்னுது. எங்காலுக்குக் கூலி?"

பந்தலில் முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு பாதியிலேயே நின்றது. அந்த நிற்றலைத்தான் முந்தைய ஆண்டு நாம் இழந்திருந்தோம். விற்க இனி அவனிடம் அவனே மிச்சம் என்பது கூட்டத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது.

மயானம்

வீரவாகு நேராக வந்தார், நிமிர்ந்து பேசினார். கால் பணமும் முழத்துண்டும் எசமானுக்கு, வாய்க்கரிசி உனக்கு என்று பங்கு சொன்னார். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் பெயரில் கல்லோ சிறு கோயிலோ இருக்கிறது. பாடையை அங்கே இறக்கி வழி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தப் பழக்கமுள்ள கூட்டத்துக்கு இந்தப் பங்குப் பேச்சு கதையாகக் கேட்பதில்லை.

பாம்பு தீண்டி இறந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு சந்திரமதி வருகிறாள். இருட்டு. அரைகுறையாக எரிந்த கட்டைகளைப் பொறுக்கி அடுக்குகிறாள். காவல்காரன் தடுக்கிறான். ஒருவரையொருவர் தெரியவில்லை.

இங்கே ராஜபார்ட் ஒரு காரியம் செய்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்தார். கம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். "வைம்மா. மொதல்ல இதுல கூலிய வை."

முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர்களில் சிலரும் சிரித்தார்கள். நாடகத்தின் உச்சத் துயரக் காட்சியில், பிணத்துக்கு முன்னால், சிரிப்பு. கமிட்டிப் பெரியவர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். ராஜபார்ட் அசையவில்லை. ஆர்மோனியக்காரர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்திரீபார்ட் துண்டையே பார்த்தபடி நின்றார். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, பாட்டாக இல்லாமல், பேச்சாகவே சொன்னார்:

"இப்படி விரிச்ச துண்ட நான் காசி வீதியிலயும் பாத்தேன் ஐயா. அன்னைக்கு என்னயவே வித்து அதுல போட்டாங்க. இன்னைக்குப் போட எங்கிட்ட என்ன இருக்கு?"

சிரித்த பிள்ளைகள் உட்பட ஒருவரும் மூச்சுவிடவில்லை. பெண்கள் பக்கம் முதல் விம்மல் கேட்டது. அதற்குப் பின் அவன் தாலியைக் கேட்பதும், கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலி இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் திடுக்கிடுவதும், இருவரும் அறிந்துகொள்வதும் வந்தபோது பந்தலே அழுதது. பாட்டுக்குக் காசு அறிவிக்க ஒருவரும் எழவில்லை.

இது திட்டமிட்டதா என்று பிறகு கேட்டேன். "இல்லண்ணே. திரைக்குப் பின்னால நின்னு அவரு துண்டு விரிக்கிறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். மயானத்துல கை தானா அப்படிப் போயிருச்சு. ஜனம் சிரிச்சதும் பயந்துட்டேன். அந்தம்மாதான் காப்பாத்துனாங்க" என்றார் ராஜபார்ட்.

அவர் பயந்திருக்க வேண்டியதில்லை. கதையில் ஏற்கனவே இருந்ததைத்தான் அவர் கை கண்டுபிடித்தது. முதல் பாதியில் கூலி கேட்டுத் துரத்தப்பட்டவன் இரண்டாம் பாதியில் கூலி கேட்டு நிற்கிறான். கேட்கப்படுகிறவள் அதே பெண். வசூல் காட்சியும் மயானக் காட்சியும் ஒரே காட்சி, இரண்டு முறை ஆடப்படுகிறது. முதல் முறை சிரிக்கிறோம். இரண்டாம் முறை சிரிக்கத் தொடங்கி, சிரிக்க முடியாமல் போகிறது. முதல் சிரிப்பு கூட்டத்தின் உடம்பில் பதிந்திருந்தால்தான் இரண்டாவது இடத்தில் அது அறுபடும். முந்தைய ஆண்டு வசூல் காட்சியை ஓட்டிவிட்டதால், மயானத்தில் அறுபட ஒன்றுமில்லாமல் போயிற்று.

இருவருக்கும் உள்ள வேற்றுமையும் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. நட்சத்திரேசன் எசமானின் கடனை வாங்கியபின் தன் பங்கையும் விடாமல் கேட்டான். அரிச்சந்திரனோ தன் பங்கான வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்கிறான். எசமானின் பங்கை மட்டும், தன் மகனைச் சுடுவதற்குக்கூட, விட மறுக்கிறான். நல்லூர் வீரகவிராயரின் அரிச்சந்திர புராணத்தில் நாட்டையும் மகனையும் செல்வத்தையும் இழந்தபின் "கதியிழக்கினும் கட்டுரை யிழக்கிலேம்" என்று சொல்கிறவர்கள் அரிச்சந்திரனும் சந்திரமதியும். அந்த உறுதியின் எடை தெரிய, உறுதியே இல்லாத ஒருவன் இதே வேலையைச் செய்வதை முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

தொல்காப்பியம், உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டில் நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைக்கிறது. நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் பிறக்கும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கில் பிறக்கும். அரிச்சந்திரனில் அழுகையின் நான்கு நிலைக்களனும் ஒரே மனிதன் மேல் வந்து விழுகின்றன: பிறர் இகழ்கிற இளிவு, மகனை இழந்த இழவு, முன்னிருந்த நிலை தாழ்ந்த அசைவு, கால் பணம் இல்லாத வறுமை. நட்சத்திரேசன் செய்வது எள்ளல். அவன் எள்ளும்போது நாம் அடைவது நகை, அரிச்சந்திரன் அடைவது இளிவு. மேடையில் ஒரே செயல், இரண்டு மெய்ப்பாடு. வீரவாகுவைக் குடிகாரனாக்கும் எள்ளலில் இந்த இரட்டைத்தன்மை கிடையாது. அங்கே எள்ளப்படுகிறவர் பந்தலுக்கு வெளியே நிற்கிறார்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் ஐந்தாம் அங்கத்தில் குழி வெட்டுகிறவர்கள் கல்லறையில் நின்று வேடிக்கை பேசுகிறார்கள். மக்பெத்தில் அரசன் கொலையுண்ட உடனே வாயில் காப்போன் உளறிக்கொண்டு வருகிறான். அங்கும் சிரிப்பு சாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் அவர்கள் வந்து பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். கதையின் போக்கைத் திருப்புவதில்லை. நட்சத்திரேசன் திருப்புகிறான். இந்த வகையில் நம் மேடை செய்திருப்பது இன்னும் துணிச்சலான காரியம் என்றே நினைக்கிறேன்.

கெட்டுப்போன இடங்கள்

எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. நேரம் போதாமல் காலகண்டர் வீட்டுக் காட்சியை முழுக்க வெட்டியிருந்தோம். காலகண்டரின் மனைவி காலகண்டி அடிமைகளை ஆட்டிவைக்கும் காட்சி அது. பொதுவாக இதையும் சிரிப்புக்காகவே ஆடுவார்கள். சந்திரமதியிடம் வேலைக்கு மேல் வேலை சொல்வாள், சிறுவனைத் தர்ப்பை பறிக்க விரட்டுவாள். அது போனதும் லோகிதாசன் காட்டுக்கு ஏன் போனான் என்பதே தெரியாமல் போயிற்று. பாம்பு எங்கிருந்தோ வந்தது. என் பக்கத்திலிருந்த பாட்டி, "பச்சப் புள்ளைய ஏன்த்தா தனியா அனுப்புனா?" என்று சந்திரமதி மேலேயே குறைப்பட்டுக்கொண்டார். ஒரு சிரிப்புக் காட்சியை எடுத்ததால் துயரத்தின் காரணம் தாயின் தலையில் விழுந்துவிட்டது.

முடிவும் அவசரமாயிற்று. கொலைப்பழி சுமந்து வந்த சந்திரமதியை வெட்ட அரிச்சந்திரன் வாளை ஓங்குவதும், வாள் மாலையாக விழுவதும், மகன் எழுவதும், இழந்த நாடு திரும்புவதும் சில நிமிடங்களில் முடிந்தன. மைக் அணைவதற்குள் மங்களம் பாட வேண்டியிருந்தது. அழுத கூட்டத்துக்கு மகன் எழுந்ததைப் பார்த்து மகிழ நேரம் கொடுக்கவில்லை. தமிழ் மேடை பிணத்தோடு ஆட்டத்தை முடிப்பதில்லை. லோகிதாசன் கண் திறக்கும்போது குழந்தைகள் கைதட்டுவார்கள், பெண்கள் சிலர் கும்பிடுவார்கள். அதுவும் நாடகத்தின் பகுதி. அன்றைக்கு அது நடக்கவில்லை.

இளைஞர்களுக்கும் மனக்குறை இருந்தது. டான்ஸ் ஆடியவருக்குப் பேசிய தொகையைக் கொடுத்தோம் என்றாலும், தம் வேலையைக் குறைத்ததில் அவருக்கும் வருத்தம். நல்ல குரல் அவருக்கு. காலகண்டியை அவரே ஆடலாமே என்று கேட்டேன். பபூனோடு சண்டை பிடிக்கத் தெரிந்தவருக்குக் காலகண்டரோடு சண்டை பிடிப்பது பெரிதில்லை, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தால் செய்கிறேன் என்றார். வரும் மாசிக்கு அவரிடமே தேதி வாங்கச் சொல்லிக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். ஆறு மணிக்கே தொடங்க முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பூண்டு எடுப்பு நேரத்தில் அந்த வேளைக்குக் காட்டிலிருந்து ஆட்கள் திரும்பியிருக்க மாட்டார்களே என்பதுதான் இப்போதைய தடங்கல்.